லென்ஸ் டப்பாவில் நந்தியாவட்டைத் தண்ணீர்

"கண்ணில போடுற லென்ஸை எதில ஊற வச்சீங்க? குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி ஏதாவது பட்டதா?"

கண் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். சின்ன வயசுப் பெண். நான் பரிசோதிக்கிற மெஷினில் நாடியை வைத்து, நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாடி அழுந்தியிருக்கும்போது வாயைத் திறக்கத் தேவையில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பின்னால் நின்ற சரசுதான் பதில் சொன்னாள். சரசு என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவர் போன பிறகு நானும் அவளும்தான் பல்லேபொல வீட்டில் இருக்கிறோம். கடையிலோ அரசாங்கக் கந்தோரிலோ பேச வேண்டியதெல்லாம் அவள் வேலை. கூடப் போய் நிற்பது என் வேலை.

"தண்ணியே படல டொக்டர். போத்தல்ல வர்ற மருந்துலதான் போட்டு வச்சிருந்தாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. நான் அவளிடம் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான்.

டொக்டர் வெளிச்சத்தைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "போன முறை தந்த சொட்டு மருந்துக்கு இது ஆறியிருக்கணும். ஆறல்ல. வெள்ளைப் புள்ளி பெருசாகுது. கண் பாப்பா விரியிறதுக்கு ஒரு துளி போடுறேன். அரை மணித்தியாலம் வெளியில இருங்க. திரும்பப் பார்த்துட்டுத்தான் முடிவு செய்யணும்."

வெளியே சுவரோரம் கிடந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தோம். சுவரில் மணிக்கூடு இருந்தது. என் வலது கண் போகுமா நிற்குமா என்பது அந்த அரை மணித்தியாலத்தில் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிராம்பு வாது

போன கிழமைப் பத்திரிகையில் எழுதியதில் என் கண்ணில் லென்ஸ் இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வயசான பொம்பளைக்கு என்னத்துக்கு அது, எங்கே வாங்கினீர்கள், எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அழகுக்குப் போட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு கிராம்பு மரம் நிற்கிறது. கொக்கித் தடியால் வாதை வளைத்துப் பிடித்து மொட்டைப் பறிப்போம். ஒரு நாள் கொக்கி நழுவி, வாது திரும்பி வந்து வலது கண்ணில் அடித்தது. கண்ணுக்குள் இருக்கிற இயற்கை வில்லை உடைந்துவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். புரை எடுக்கிறவர்களுக்கு அந்த இடத்தில் புது வில்லை வைப்பார்களே, எனக்கு அதை வைக்க உள்ளே பிடிமானம் இல்லையாம். கருவிழியிலும் ஒரு தழும்பு விழுந்தது.

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் சோடாப் போத்தலின் அடி மாதிரித் தடிப்பு. அந்தக் கண்ணுக்கு எல்லாம் பெரிசாகத் தெரிந்தது. இடது கண்ணுக்கு எப்போதும் போல. ரெண்டும் ஒன்று சேரவில்லை. ஒரு கோழி ரெண்டு கோழியாகப் போனது. வாசற்படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன்.

"மேசைக்குத் தாகமா மதினி?" என்றாள் சரசு. சிரித்துக்கொண்டே துடைத்தாள். அன்று பின்னேரம் கொல்லையில் அவள் தனியாக அழுததை நான் பார்த்தேன். இடது கண்ணால்.

அந்த இடது கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. கருவிழியை ஒட்டிப் போடுகிற லென்ஸ் என்றால் ரெண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

மீன் செதிள்

மாத்தளை டவுனில் ஒரு கண்ணாடிக் கடையின் மேல்மாடி. லென்ஸ் பார்க்கிறவர் ரினோஸா மிஸ். முக்காட்டை இறுக்கிக் கட்டியிருப்பார். மெதுவாகப் பேசுவார். கண்ணைப் பார்ப்பதற்கு முன் என் கையைக் கேட்டார்.

"கையைக் காட்டுங்க அம்மா."

நீட்டினேன். நகத்தைப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"மிளகா?"

"மிளகு பொடைப்பாங்க, கிராம்பு தெரிஞ்சு பொறுக்குவாங்க, மிளகாத்தூளும் இடிப்பாங்க," என்றாள் சரசு. "என்னா கண்ணு போனாலும் கை சும்மா இருக்காது."

"அப்ப நான் பார்க்க வேண்டியது பவர் மட்டுமில்ல. இந்தக் கையையும்தான்."

எத்தனை வகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல் நுனியில் ஒன்றை வைத்துக் காட்டினார். கஞ்சி ஆறினால் மேலே படிகிற ஆடை மாதிரி இருந்தது. அது மெதுவான வகை, மெத்தென்று வளையும். போட்ட உடனே கண்ணுக்குப் பழகிவிடும். அதிலேயே காலையில் போட்டுப் பின்னேரம் எறிந்துவிடுகிறது ஒன்று. கழுவுகிற தொல்லையே இல்லை. ஒரு மாசம் வைத்துப் போடுகிறது இன்னொன்று. அதற்கு உறையைப் பிரித்த நாளிலிருந்து மாசம் எண்ண வேண்டுமாம். பத்து நாள்தானே போட்டேன், மிச்சம் இருக்கே என்று வைத்துக்கொள்ளக் கூடாது. கருவிழி ஒரு பக்கம் சாய்ந்தவர்களுக்கு அதற்கென்று செய்தது உண்டு.

எனக்கும் முதலில் மெதுவானதைத்தான் போட்டுப் பார்த்தார். சொகமாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்தெல்லாம் மழை வழிகிற கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"உங்க கருவிழி தழும்பால மேடும் பள்ளமுமா இரிக்கி. மெதுவான லென்ஸ் அதே மாதிரி வளைஞ்சுடும். வளையாத ஒண்ணு வேணும்."

கட்டியான வகையை எடுத்தார். சின்ன மீன் செதிள் மாதிரி. கீழே விழுந்தால் தேட லேசாக நீல நிறம். காற்று அதற்குள்ளால் போகும் என்றார். போட்டதும் கண்ணில் உமி விழுந்த மாதிரி உறுத்தியது. தண்ணீராகக் கொட்டியது. கண்ணீர் அடங்கியதும் நிமிர்ந்தேன். சுவரில் இருந்த எழுத்து நேராக நின்றது. சரசுவின் மூக்குத்தி ரெண்டு கண்ணுக்கும் ஒரே மூக்குத்தியாகத் தெரிந்தது.

"என்னா பார்க்கிறீங்க?" என்றாள்.

"நரைச்சுப் போயிட்டே புள்ள," என்றேன்.

"இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்!"

கட்டியான லென்ஸுக்கு ஒரு குறை உண்டு. தூசி அடியில் புகுந்தால் குத்தும். அதனால் மிளகு புடைக்கிறபோது கழற்றி வைக்கச் சொன்னார். அதுவும் சரிவராதென்றால் கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காருகிற பெரிய வகை இருக்கிறதாம். எனக்குத் தேவைப்படவில்லை.

அன்றைக்கு ஒரு கலியாணப் பெண் வந்திருந்தாள். கண் நல்லாத்தான் இருக்கிறது, போட்டோவுக்குக் கலர் லென்ஸ் வேண்டும் என்றாள். தானும் தங்கச்சியும் மாறி மாறிப் போடலாமா என்று கேட்டாள்.

"பல்லு விளக்குற பிரஷை மாறி மாறிப் போடுவீங்களா மகள்?" என்று கேட்டார் ரினோஸா மிஸ். "பவர் இல்லாட்டியும் கண்ணை அளந்து பார்க்காம தரமாட்டேன். உட்காருங்க."

கொப்பியில் எழுதியது

பெட்டிக்குள் இருந்த தாளில் தமிழ் இல்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மட்டும் மறக்கவில்லை. ரினோஸா மிஸ் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கை முதலில். வாசனை இல்லாத சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். மிளகாய் தொட்ட நாளில் மூன்று தரம். லென்ஸை உள்ளங்கையில் வைத்து மருந்து விட்டு, விரலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஊற வைத்தால் மட்டும் அழுக்குப் போகாது. டப்பாவில் நேற்று இருந்த மருந்தைக் கொட்டிவிட்டுப் புதுசு விட வேண்டும். பழைய குழம்பில் புதுக் குழம்பை ஊற்றுவீர்களா என்று கேட்டார். டப்பாவைக் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒரு தரம் டப்பாவே புதுசு. லென்ஸோடு தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. எச்சில் தொட்டு ஒட்டக் கூடாது. கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், மங்கினால் அந்த நிமிஷமே கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் ஓட வேண்டும்.

"தண்ணி ஆகவே ஆகாது. அதுக்குக் கீழ ரெண்டு கோடு போடுங்க," என்றார்.

போட்டேன்.

கழற்ற ஒரு சின்ன ரப்பர் உறிஞ்சி தந்தார். பழகும் மட்டும் காலையில் அரை மணித்தியாலம் கண்ணாடி முன்னால் நிற்பேன். சரசு அடுப்படியிலிருந்து கத்துவாள், "மதினி, கண்ணை மாட்டிட்டீங்களா, இல்ல ரொட்டியை ஆற வைக்கவா?"

லென்ஸ் இருப்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். இந்த வயதில் கண்ணில் கலர் போட்டிருக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று வெட்கம்.

லக்கலைக்குப் போனது

சரசுவின் மகளை லக்கலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அங்கே கடை வைத்திருக்கிறார். முதல் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். போகாமல் இருக்க முடியுமா?

பஸ் குலுக்கிய குலுக்கலில் மருந்துப் போத்தலின் மூடி கழன்று, எல்லாம் பைக்குள் ஒழுகிவிட்டது. போய்ச் சேர்ந்து பிரித்தபோதுதான் பார்த்தேன். பிள்ளைக்குக் கொண்டுபோன சட்டை நனைந்திருந்தது. போத்தலில் ஒரு சொட்டு இல்லை. பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு பஸ் இல்லை, யானை இறங்குகிற பாதை. அந்தப் பக்கத்துக் கடைகளில் இந்த மருந்தும் இல்லை.

லென்ஸைக் கழற்றி வெறும் டப்பாவில் வைத்தேன். கட்டியான லென்ஸ் ஒரு ராத்திரி காய்ந்தே கிடந்திருக்கலாம். மறுநாள் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மருந்தில் ஊற வைத்துப் போட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அது பிறகு தெரிந்துகொண்டது.

அந்த நேரத்தில் சம்பந்தியம்மா உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் தாய். நல்ல மனசு. டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டேன்.

"என்னா சம்பந்தி, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? பஸ் தூசியா?"

தலையை ஆட்டினேன். போனவர் ஒரு கோப்பையோடு திரும்பி வந்தார். கோப்பையில் தண்ணீர், அதில் நந்தியாவட்டைப் பூ மிதந்தது. "இப்பதான் கிணத்துல மொண்டது. பூவைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டேன். கண்ணை ஒத்துங்க, ஐஸ் மாதிரி இருக்கும்."

எங்கள் வீட்டில் கண்ணோய் வந்தாலும் இதுதான். சிங்கள ஆட்களும் இதே பூவைத்தான் கண்ணுக்கு வைப்பார்கள். வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் லென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசாமல் கண்ணை மூடி இமையை ஒத்திக்கொண்டேன். அவர் சந்தோஷமாகப் போனார்.

கோப்பையில் பாதி மிச்சம் இருந்தது. மடியில் காய்ந்த டப்பா இருந்தது.

கொப்பியில் தண்ணீருக்குக் கீழே ரெண்டு கோடு போட்டவள்தான் நான். ஆனால் அந்தக் கோப்பையில் இருந்தது எனக்குத் தண்ணீராகத் தெரியவில்லை. கண்ணுக்கு மருந்தாகத்தான் தெரிந்தது. பூவை எடுத்துவிட்டு டப்பாவில் ஊற்றி மூடினேன்.

காலையில் அப்படியே எடுத்துப் போட்டேன். பிள்ளையை மடியில் தந்தார்கள். ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். மேலுதட்டில் எங்கள் வீட்டுக்காரருக்கு இருந்த மாதிரியே ஒரு மடிப்பு. கண் எரியத் தொடங்கியது. விறகடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. லென்ஸைக் கழற்றிவிட்டு டொக்டரிடம் கிளம்பும்போது சரசு கேட்டாள், "மருந்துத் தண்ணியிலதானே போட்டு வச்சீங்க?" ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் சம்பந்தி வீட்டைப் பேசுவாள். அவளுடைய பிள்ளை அங்கே வாழ்கிறது. பயத்தில் டப்பாவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். டப்பாவைக் கொண்டுபோகச் சொன்னது சோதித்துப் பார்க்கத்தான் என்று பிறகுதான் விளங்கியது. இனி அதில் இருந்தது என்ன என்று சொல்ல என் வாய் ஒன்றுதான் இருந்தது.

அரை மணித்தியாலம்

வாங்கில் உட்கார்ந்து இவ்வளவையும் நினைத்தேன். மணிக்கூட்டு முள் பாதி தூரம் போயிருந்தது.

"வாயத் தொறந்து ஏதாவது பேசுங்களேன் மதினி," என்றாள் சரசு. "வலிக்குதுன்னாச்சும் சொல்லுங்க. கண்ணோட சேர்த்து வாயையும் டப்பாவுல போட்டு மூடிட்டீங்களா?"

"பேனை இருக்கா?" என்றேன்.

பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கித் தந்தாள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இடது கண்ணால் எழுதினேன். சரசு எட்டிப் பார்த்தாள். மறைத்துக்கொண்டேன்.

கூப்பிட்டபோது கொப்பியை அப்படியே டொக்டரிடம் நீட்டினேன். அவர் பக்கத்தைப் பார்த்தார். தமிழ். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதை நான் நினைக்கவே இல்லை.

"புஷ்பா!" என்று கூப்பிட்டார்.

அட்டெண்டன் வேலை செய்கிற பிள்ளை அவள். வரிசையைச் சத்தம் போட்டே அடக்கிப் பழகிய தொண்டை. கதவு திறந்திருந்தது. வாங்கு நிறைய ஆட்கள். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி வாசித்தாள்.

"டொக்டர் அம்மாவுக்கு. என் நாத்தனார் சொன்னது அவளுக்குத் தெரிந்த மட்டும். அது சரியில்லை. போத்தல் ஒழுகிப் போனதால் லென்ஸை ஒரு ராத்திரி முழுக்க நந்தியாவட்டைப் பூ ஊறிய கிணற்றுத் தண்ணீரில் வைத்தேன். அப்படியே கண்ணிலும் போட்டேன். பூத் தண்ணீர் தந்தவர் மேல் பிழை இல்லை. அவருக்கு லென்ஸைப் பற்றித் தெரியாது. பாக்கியம்."

தமிழ் தெரிந்த ஆட்கள் எல்லாம் திரும்பினார்கள். சரசு வாயில் கையை வைத்துக்கொண்டாள். புஷ்பா டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். போத்தல் வரைக்கும் வந்தாள். பூவில் நின்றுவிட்டாள்.

"நந்தியாவட்டைக்குச் சிங்களத்துல என்னா?" என்று சரசுவைக் கேட்டாள். சரசுவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

இந்த முறை என் நாடி மெஷினில் இல்லை. வாயைத் திறந்தேன்.

"வதுசுத்த," என்றேன். "கிணத்துத் தண்ணியில வதுசுத்த."

டொக்டரின் பேனை நின்றது. அவர் கோபப்படவில்லை. "எங்க அம்மாவும் வைப்பாங்க," என்றார். "ஆனா லென்ஸ் போடுற கண்ணுக்கில்ல. கிணத்துத் தண்ணியில இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில குடியிருக்கும். எத்தனை மணித்தியாலம் ஊறினது? பிறகு எவ்வளவு நேரம் போட்டிருந்தீங்க?"

கேள்வி கேட்கக் கேட்க நானே சொன்னேன். சரசு பக்கம் திரும்பவில்லை.

"வேற கிருமின்னு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் மருந்து தந்தேன்," என்றார். "கண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதிக்கணும். மருந்தை மாத்தணும். இப்பவே வார்டுல நில்லுங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இந்தக் கண்ணைப் பத்தி நான் ஒரு நம்பிக்கையும் சொல்லியிருக்க மாட்டேன்."

வெளியே வரும்போது வாங்கிலிருந்த ஒரு மாமா எழுந்து, புஷ்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிள்ளை, நானும் சொட்டு மருந்துக்குப் பதிலா தேன் விட்டுட்டேன். அதையும் டொக்டர்கிட்ட சொல்லணும். சத்தம் போடாம சொல்லு."

ஒண்ணரைக் கண்

மணிக்கு ஒரு தரம் மருந்து. சுரண்டின கண்ணில் அது படும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். சரசு முதல் நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் சோடாவை உடைத்த மாதிரிக் கொட்டினாள்.

"என்னைப் பொய் சொல்ல வச்சுட்டீங்களே மதினி!"

"உன் சம்பந்தி வீடு புள்ள. பேர் கெட்டுப் போகும்னு..."

"அந்தம்மாவுக்கு ரெண்டு கண்ணு இருக்கு. உங்களுக்கு ஒண்ணரைதான். யாருக்காகப் பயப்படணும்னு கணக்குத் தெரியல்லியா?" மூக்கைச் சேலையில் துடைத்தாள். "டொக்டர்கிட்ட எப்படிப் பேசினீங்க! அந்த வாயை இவ்வளவு காலமும் எந்த டப்பாவுல வச்சிருந்தீங்க?"

அவளே லக்கலைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா ரெண்டு பஸ் மாறி, தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கோப்பையை நானே கவிழ்த்திருப்பேனே சம்பந்தி."

கண் நின்றது. ஆற மாசக் கணக்கானது. ஓரத்தில் கடுகு அளவு வெள்ளை இன்னும் இருக்கிறது, நடுவில் இல்லை. டொக்டர் சரி என்ற பிறகு ரினோஸா மிஸ் திரும்ப அளந்து புது லென்ஸ், புது டப்பா தந்தார். கொப்பியில் ஒரு வரி கூட்டச் சொன்னார். 'பூத் தண்ணியும் தண்ணிதான்.' அதற்குக் கீழே மூன்று கோடு போட்டேன்.

சரசுவின் அந்தப் பேரப்பிள்ளைக்குக் காது குத்து வந்தது. திரும்பவும் அதே பஸ், அதே குலுக்கல். முற்றம் நிறையச் சனம். நாங்கள் உள்ளே நுழைகிறபோதே சம்பந்தியம்மா சமையல் பந்தலிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்:

"சம்பந்தி, கண்ணு லென்ஸுக்கு மருந்துப் போத்தல் கொண்டு வந்தீங்களா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சரசு பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ரெண்டு கொண்டு வந்திருக்கேன்," என்றேன், பந்தல் வரைக்கும் கேட்கிற மாதிரி.